மாதம்மாளும் சாம்பல் நிறக் குழாய்களும்

கொல்லிமலையில் திருப்புலி நாட்டைச் சேர்ந்த நெல்லிவளவு என்ற சின்ன ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவள் மாதம்மாள். ஊராட்சிக் கணக்கில் டேங்க் ஆபரேட்டர், ஊர் வாயில் 'தண்ணிக்கார மாதம்மா'. காலையில் மோட்டார் போட்டு, மேட்டில் நிற்கிற தொட்டியை நிரப்பி, வால்வைத் திருகித் தெருத்தெருவாகத் தண்ணீர் விட வேண்டும். அதை அவள் ஒழுங்காகவே செய்தாள். ஆனால் அவளைப் பற்றி யாரிடமாவது விசாரித்தால் வேலையைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். "அவ சிரிச்சுக்கிட்டுச் சொன்னா பாதி நம்பலாமுங்க. மூஞ்சிய நேரா வெச்சுக்கிட்டுச் சொன்னா ஒண்ணையும் நம்பாதீங்க" என்பார்கள்.

பத்தாவது முடித்த கையோடு அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனது பெரியம்மா. குழாயும் வால்வும் வார்க்கிற ஒரு பவுண்டரியில் பெரியம்மாவுக்கு மண் பிசையும் வேலை. மாதம்மாளும் அதே மண்ணில்தான் தொடங்கினாள். பிறகு வார்ப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளை ராவுகிற இடத்துக்குப் போனாள். அங்கேதான் உலோகம் அவளுக்குப் பழகியது. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும், வெண்கலம் என்றால் செம்பும் வெள்ளீயமும், இரண்டும் செம்போடு சேர்ந்து மேலே ஒரு சிட்டிகை காரீயமும் விழுந்தால் கன்மெட்டல். "ரசம் வெக்கற மாதிரிதான். அளவு மாறுச்சுன்னா ருசி மாறிப்போயிரும்" என்று இன்றைக்கும் சொல்வாள். காரீயம் சேராத பித்தளையை லேத்தில் கடைந்தால் சீவல் சுருள் சுருளாக வந்து கையைக் கிழிக்கும். சேர்ந்ததைக் கடைந்தால் ரவை மாதிரி உதிரும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கை பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டாள்.

குறும்பும் அங்கேயே வளர்ந்தது. உப்புத் தண்ணீரில் ஓடும் பம்புகளுக்காக அலுமினியம் கலந்த வெண்கலம் அந்தப் பவுண்டரியில் எப்போதாவது வார்ப்பார்கள். உளியைத் தின்றுவிடும் அளவுக்குக் கெட்டி, ஆனால் நிறம் அசல் தங்கம். லேத் ஓட்டுகிற ஒருவரைக் கெஞ்சி அதில் ஒரு ஜோடித் தோடு கடைந்து வாங்கிப் போட்டுக்கொண்டாள். சூப்பர்வைசர் ரமேஷ்குமார் கண்ணில் அது பட்டது.

"ஏது மாதம்மா, தோடெல்லாம் பலமா இருக்குது?"

மாதம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பட்டறை மண்ணுலதானுங்க சார் கெடச்சுது. நல்லாச் சலிச்சீங்கன்னா அடியில பொட்டுப் பொட்டா நிக்குமுங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சா போச்சு."

அதற்குப் பிறகு ரமேஷ்குமார் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மண் சலிப்பதை மொத்தப் பவுண்டரியும் ஜன்னல் வழியாகப் பார்த்தது. விஷயம் தெரிந்தபோது அவர் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஆனாலும் நல்ல மனுஷர். வார்த்த குழாயில் காற்றடைத்துத் தண்ணீரில் முக்கி ஓட்டை கண்டுபிடிக்கிற வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது அவள் பெயரைத்தான் சொன்னார்.

அப்புறம் கல்யாணம். மாப்பிள்ளை முருகானந்தம் மலையிலேயே மிளகும் மரவள்ளியும் போடுகிற சொந்தக்காரப் பையன். மாதம்மாள் மலைக்குத் திரும்பினாள். முருகானந்தத்தைப் போல நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். ஒரே ஒரு கோளாறுதான். காலையில் அவர் காதில் ஒரு விஷயம் விழுந்தால் மத்தியானம் பக்கத்து ஊரான சோளக்காட்டின் சந்தையில் மிளகு வாங்குகிறவர்கள் வரைக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும். கெட்ட எண்ணமே கிடையாது. வாய்க்குள் ஒன்றை வைத்துக்கொண்டிருப்பது அவருக்குச் சூடான கிழங்கை வாயில் வைத்திருப்பது மாதிரி.

முன்பு தண்ணீர் திறந்துகொண்டிருந்தவர் அடிவாரத்துக்குக் குடிபோனபோது மாதம்மாள் அந்த வேலைக்கு வந்தாள். வந்ததிலிருந்தே அவளுக்குக் குழாய்களோடு ரோதனைதான். பிளாஸ்டிக் குழாய் போட்டால் குரங்குகள் தொங்கி ஆடி முறித்துவிடும். பித்தளைக் குழாய் போட்டால் கொஞ்சகாலத்தில் அங்கங்கே செம்பு நிறமாகத் திட்டுத் திட்டாக மாறும். ஒருநாள் அப்படிப்பட்ட ஒன்றைத் திருகியபோது பிஸ்கோத்து மாதிரி கையோடு உடைந்து வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஊராட்சிச் செயலர் அருள்மொழியிடம் போனாள்.

"பாருங்க மேடம். நம்ம ஊத்துத் தண்ணி உப்பில்லாத மெதுத் தண்ணிங்க. மட்டமான பித்தளையில இருக்கற துத்தநாகத்தை இது கரைச்சுக் குடிச்சுருது. மிச்சம் நிக்கறது வெறும் செம்பு, அதுவும் சல்லடை மாதிரி. கன்மெட்டல் வாங்கிக் குடுங்க, எம் பேரன் காலத்துக்கும் நிக்கும்."

அருள்மொழி நிதானமானவள். உடைந்த குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடுத்த முறை கன்மெட்டலே வாங்கிக் கொடுத்தாள். புதுக் குழாய்கள் ஒரு சாயலில் சிவப்பாகவும் ஒரு சாயலில் மஞ்சளாகவும் மினுங்கிக்கொண்டு வந்து இறங்கின. அந்த ஊருக்கு வழக்கமாகப் பைப்பு வேலை செய்கிற ஜீவானந்தம்தான் மாட்டிக்கொடுத்தான். மாட்டிய கொஞ்ச நாளிலேயே மேலத் தெருவில் இரண்டைக் காணவில்லை.

ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. மாதம்மாள் மட்டும் குனிந்து பைப்பின் வாயைப் பார்த்தாள். மரை ஒரு துளிகூடத் தேயவில்லை. தண்ணீர் வீணாகாமல் இருக்க ஒரு மரக்குச்சியைச் சீவி அடைத்திருந்தது. அந்தக் குச்சியில் சணல் சுற்றியிருந்தது, அதுவும் மரை திரும்புகிற பக்கமாகவே நெருக்கிச் சுற்றியிருந்தது. தண்ணீர் ஒழுகக் கூடாது என்று இவ்வளவு மெனக்கெடுகிற திருடன் மலையில் ஒரே ஒருவன்தான் இருக்க முடியும். திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் ஜீவானந்தம் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு நின்றான்.

"காலம் கெட்டுப் போச்சுங்க அக்கா" என்றான் அவன்.

"ஆமா தம்பி" என்றாள் மாதம்மாள்.

நேராகக் கேட்டிருக்கலாம். ஆனால் கையில் அத்தாட்சி இல்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. மோட்டார் நின்றுபோனால் கிணற்றிலிருந்து தூக்கிச் சரிசெய்ய அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஜீவானந்தத்தை விட்டால் வேறு கை கிடையாது. அவனைப் போலீஸில் கொடுத்தால் ஊர் தாகத்தில் தவிக்கும். விட்டால் குழாய் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒருவன் திருடிவிட்டுத் தன் முன்னாலேயே வருத்தப்படுகிறான் என்பது அவளுக்குள் தூங்கிக்கொண்டிருந்த பழைய குறும்பைத் தட்டி எழுப்பிவிட்டது.

பவுண்டரியில் கூட வேலை செய்த சுஜிதாவுக்குப் போன் போட்டாள். சுஜிதா இன்னும் அங்கேதான் இருந்தாள்.

"கடையில மஞ்சப் பூச்சு பூசி, பித்தளைன்னு சொல்லி ஏமாத்துவாங்களே, வெள்ளை மெட்டல் குழாய், அது வேணும்டி."

"அது எதுக்கு? அது அத்தனையும் துத்தநாகம். ஒரு அடி அடிச்சா ரெண்டாப் போயிரும்."

"ரெண்டாப் போறதுக்குத்தான் கேக்கறேன். நல்லாப் பளபளன்னு இருக்கறதாப் பாத்து அனுப்பு."

பார்சல் பஸ்ஸில் வந்து சோளக்காட்டில் இறங்கியது. மாதம்மாள் போய் எடுத்துவந்து மோட்டார் அறையைச் சாத்திக்கொண்டாள். தெருக்களில் மிச்சமிருந்த கன்மெட்டல் குழாய்களைக் கழற்றிவந்து, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, சாம்பல் நிறத்தில் இரண்டு கை பெயிண்ட் அடித்தாள். உலோகப் பிடிகளைக் கழற்றிவிட்டு நீலப் பிளாஸ்டிக் பிடி வைத்தாள். காய்ந்ததும் பார்த்தால், சந்தையில் கூடையில் குவித்து விற்கிற மட்டமான பிளாஸ்டிக் குழாய் தோற்றுப்போகும். அவற்றைத் தெருக்களில் தானே மாட்டினாள். சுஜிதா அனுப்பிய மஞ்சள் குழாய்களைத் தொட்டிக்குக் கீழேயும் மாரியம்மன் கோவில் வாசலிலும் ஆள் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினாள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அருள்மொழி. அவளிடம் சொல்லாமல் ஊராட்சிச் சாமானில் கை வைக்க முடியாதே.

"வம்பாகிடாதா மாதம்மா?" என்றாள் அருள்மொழி.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க மேடம்."

வம்பு மறுநாளே தொடங்கியது. தொடங்கிவைத்தவள் மேலத் தெரு பொன்னம்மாள். மாதம்மாளுக்குப் பக்கத்து வீடு, வயதில் மூத்தவள், குரல் அடுத்த மலைக்குக் கேட்கும்.

"நல்ல குழாயெல்லாம் எங்க போச்சு மாதம்மா? பிளாஸ்டிக்கைக் கொண்டாந்து சொருகீருக்கற?"

"புதுசா வந்துருக்குதுங்க அக்கா. மலைக்குன்னே செஞ்ச பிளாஸ்டிக்."

"கோவில்ல மட்டும் பித்தளை மின்னுது?"

"அது சாமிக்குங்க."

ஊருக்குப் புரிந்துவிட்டது. அதாவது, தப்பாகப் புரிந்துவிட்டது. கன்மெட்டல் குழாய்களை மாதம்மாள் விற்றுத் தின்றுவிட்டு, கணக்குக் காட்டக் கோவிலில் நான்கை மட்டும் வைத்திருக்கிறாள் என்று பேச்சு ஓடியது. கிராம சபைக் கூட்டத்தில் பொன்னம்மாள் எழுந்து நின்று, "சாமிக்குப் பித்தளை, மனுசனுக்குப் பிளாஸ்டிக்கா?" என்று கேட்டாள். கை தட்டல் விழுந்தது.

"சாமி தெனமும் கொடத்தைக் கொண்டாந்து குழாய் மேல இடிக்கறதில்லீங்க அக்கா" என்றாள் மாதம்மாள். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். பெரும்பாலோர் சிரிக்கவில்லை.

அருள்மொழி பேனா மூடியைக் கடித்துக்கொண்டு தலைகுனிந்து எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஜீவானந்தம் எழுந்து, "என்னையக் கூப்புட்டிருந்தா நல்லபடியா மாட்டிக் குடுத்துருப்பேனுங்க. கோவில் கொழாயாவது பத்தரமா இருக்குதான்னு பாத்துக்கோங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பேசும்போது அவன் கண் கோவில் பக்கமே இருந்தது. மாதம்மாள் அதைக் கவனித்து, வந்த சிரிப்பைத் தொண்டையிலேயே இருமலாக்கிக்கொண்டாள். அந்தச் சிரிப்போடே பின்வரிசையைப் பார்த்தவளுக்கு வாய் மூடிக்கொண்டது. முருகானந்தம் துண்டை மடியில் போட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்குத்தான் அடி பலம். சோளக்காட்டில் மிளகு மூட்டையை இறக்கினால், "என்னங்க, மூட்டைக்குள்ள மொளகுதானா, குழாய் ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவார். ஒருநாள் சாப்பிடும்போது கையை அப்படியே தட்டில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்புள்ள, நெசமாலுமே நீ எடுத்தயா?"

மாதம்மாளுக்கு அந்தக் கேள்வி எதிர்பாராத இடத்தில் குத்தியது. ஊர் கேட்டபோது வேடிக்கையாக இருந்தது. இவர் கேட்டபோது வேடிக்கையாக இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் நாளைக்கு மத்தியானத்துக்குள் சோளக்காடு, சாயங்காலம் ஜீவானந்தம். அவ்வளவுதான்.

"நான் எடுப்பனுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"மாட்டே" என்றார் அவர். "ஆனா ஒழுங்கா ஒரு பதில் சொல்ல மாட்டேங்கறயே."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இதற்கு நடுவே அந்தப் பிளாஸ்டிக்கே அவளைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. பெயிண்ட் நிறத்தைத்தான் மறைக்கும், குணத்தை மறைக்காது. மலையில் குளிர் இறங்குகிற காலம் அது. காலையில் பொன்னம்மாள் குழாயைப் பிடித்தவள் கையை உதறினாள்.

"என்னடி இது, பிளாஸ்டிக்கு இப்பிடி ஜில்லுங்குது? எங்கூட்டு வாளி கூட இப்பிடி இல்லியே."

"மலைக்குன்னு செஞ்சது இல்லீங்களா அக்கா" என்றாள் மாதம்மாள் அசையாமல்.

இன்னொரு நாள் ஒரு தாட்டியான குரங்கு வந்து குழாயில் தொங்கி, இரண்டு ஆட்டு ஆட்டி, முறியாததால் ஆத்திரப்பட்டுக் கடித்துவிட்டு, வாயைப் பிடித்துக்கொண்டு கொய்யா மரத்தில் ஏறியது. பொன்னம்மாள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளுடைய எவர்சில்வர் குடமே விஷயத்தை உடைத்தது. குடத்தைத் தூக்கும்போது விளிம்பு குழாயில் மோதி 'ணிங்' என்று ஒலித்தது. பொன்னம்மாள் நின்றாள். குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கரண்டிக் காம்பால் குழாயை மட்டும் தட்டினாள். மறுபடியும் 'ணிங்'. மாதம்மாளை நிமிர்ந்து பார்த்தாள்.

இனி மறைத்துப் பயனில்லை. மாதம்மாள் அவளை மோட்டார் அறைக்குள் இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். யார்மீது சந்தேகம் என்பதை மட்டும் சொல்லவில்லை. பொன்னம்மாள் கேட்டுவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"கூட்டத்துல உன்னைய அந்தப் பேச்சுப் பேசினனே, அப்பக்கூட நீ சொல்லலியே பாவி."

"நீங்க பேசினது நல்லதுங்க அக்கா. நீங்க கத்துனதுலதான் அது பிளாஸ்டிக்குன்னு எல்லாரும் நம்புனாங்க. தெனமும் இன்னும் கொஞ்சம் கத்துங்க."

பொன்னம்மாள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள். அன்றிலிருந்து குழாயடியில் அவள் போட்ட சத்தத்தில் ஊருக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. தெருவில் வேறு சில பெண்களும் குளிரையும் சத்தத்தையும் வைத்துக் கண்டுபிடித்து, ஒவ்வொருத்தியாகத் தனியாக வந்து மாதம்மாளிடம் கேட்டார்கள். ஒவ்வொருத்தியிடமும், "உங்களுக்கு மட்டுந்தான் சொல்றேன்" என்றாள். குழாயடியில் ஒருத்திக்குத் தெரிந்தது இன்னொருத்திக்குத் தெரியாமல் எல்லோரும் சேர்ந்து பிளாஸ்டிக்கைத் திட்டினார்கள்.

பனிமூட்டம் ஆளை மறைக்கிற ஒரு காலையில் மாரியம்மன் கோவில் வாசலில் மஞ்சள் குழாய்கள் இல்லை. தொட்டிக்குக் கீழேயும் இல்லை. மாதம்மாள் ஓடிப்போய்ப் பைப்பு வாயைப் பார்த்தாள். சீவிய குச்சி, சணல், மரை திரும்புகிற பக்கமாகச் சுற்று. மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மோட்டார் ஓடுகிற சத்தத்தில் நன்றாகச் சிரித்து முடித்துவிட்டு வெளியே வந்தாள். பிறகு ஜீவானந்தத்துக்கே போன் போட்டாள்.

"தம்பி, கோவில் கொழாயும் போயிருச்சு. நல்ல சரக்கு. பித்தளையிலயே அது ஒசத்தி."

அந்தப் பக்கம் எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. "அப்பிடீங்களா அக்கா. பாவமுங்க" என்றான்.

அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் ஏறி வருகிற பழைய இரும்பு வண்டி தனபாலுடையது. "பழைய இரும்பு, பித்தளை, செம்பு, ஈயம், பிளாஸ்டிக்" என்று பதிவுசெய்த அவர் குரலே வண்டிக்கு முன்னால் ஊருக்குள் நுழையும். எதை வாங்கினாலும் முதலில் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பித்தளை. ஜீவானந்தம் கொடுத்ததையும் அப்படித்தான் பார்த்தார். துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஜீவானந்தத்துக்கும் தோன்றவில்லை. பனியில் விறைத்த கையோடு அவசரமாகக் கழற்றிச் சாக்கில் போட்டவன், எடை கொஞ்சம் குறைகிறதே என்று யோசிக்க நேரமில்லாமல் போய்விட்டான்.

மாதம்மாள் எதிர்பார்த்தது சின்ன விஷயம்தான். குழாய் போன இடத்தில் உடைபடும், ஜீவானந்தத்துக்கு அவமானமாகும், அவன் மூஞ்சி போகிற போக்கைத் தான் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். நடந்தது அதைவிடப் பெரிதாகப் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயடியில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்த நேரம், தனபாலின் வண்டி வந்தது. பதிவுக் குரல் இல்லை. தனபாலே மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டு வந்தார்.

"நெல்லிவளவுப் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோளுங்க. பித்தளைன்னு சொல்லி வெள்ளை மெட்டல் கொழாயைத் தள்ளிவுட்ட ஜீவானந்தம் எங்கிருந்தாலும் ஒடனே வண்டிக்கு வரவும். ஜீவானந்தம், பைப்பு வேலை ஜீவானந்தம், வண்டிக்கு வரவும்."

குழாயடியில் எல்லார் தலையும் வண்டிப் பக்கம் திரும்பியது. தண்ணீர் மட்டும் குடங்களில் நிரம்பி வழிந்தது.

தனபால் இறங்கினார். கையில் உடைந்த குழாய்த் துண்டுகள். வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை. "பாருங்க அம்மிணி" என்று எதிரில் நின்ற மாதம்மாளிடமே காட்டினார். "சேலத்துப் பக்கம் வெளக்கு வாக்கற பட்டறையில இதைக் குடுத்தேன். உருக்கற சின்ன மூசையில பித்தளையோட சேத்துப் போட்டுட்டாங்க. பட்டறை பூராப் பஞ்சு மாதிரி வெள்ளைப் பொகை. பொகை அடங்கி வெளக்கை வாத்தா, அப்பளம் மாதிரி கீறிக்கீறிப் போகுது. அந்த ஆளு இடுக்கியோட என்னையத் தொரத்திக்கிட்டு வாரானுங்க. இப்பிடி ஏமாத்தலாமுங்களா?"

"ஏமாத்தக் கூடாதுங்க" என்றாள் மாதம்மாள். "எந்தக் கொழாயிங்க அது?"

"உங்க ஊருக் கோவில் கொழாய்னுதான் சொன்னான்" என்றார் தனபால். திருட்டுச் சாமானை வாங்கியதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. மைக்கை மெதுவாக இருக்கையில் வைத்துவிட்டு வண்டிச் சாவியைத் தேடினார். சாவி பொன்னம்மாள் கையில் இருந்தது.

ஜீவானந்தத்தைக் கூப்பிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மைக்கில் தன் பெயரைக் கேட்டு ஏதோ மோட்டார் வேலை என்று நினைத்து, கையில் ரெஞ்சோடு அவனே வந்துகொண்டிருந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. தனபால் கையில் இருந்த துண்டை வாங்கிப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். மாதம்மாளைப் பார்த்தான்.

"அக்கா, இது பித்தளையில்லீங்களா?"

அவன் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். திருடியது வெளியே வந்ததைவிட, உலோகம் தெரியாமல் திருடியதுதான் அவனைச் சுட்டது. கூட்டத்தில் நின்றவர்கள் அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அருள்மொழிக்கு ஆள் போனது. அவள் வந்து கேட்டுவிட்டு, போலீஸில் சொல்வதுதான் முறை என்றாள்.

மாதம்மாள் அவளை ஓரமாகக் கூட்டிப்போனாள். "முறைதானுங்க மேடம். ஆனா மோட்டார் நின்னுபோச்சுன்னா போலீஸ்காரரு வந்து பம்புல புஷ் மாத்துவாருங்களா?"

அருள்மொழி யோசித்தாள். கடைசியில் எல்லார் முன்னாலும் இரண்டு பேரிடமும் எழுதி வாங்கினாள். அடுத்த முறை என்றால் நேராக ஸ்டேஷன்தான் என்றும் சொன்னாள். முதலில் திருட்டுப்போன கன்மெட்டல் குழாய்கள் தனபால் வீட்டிலேயே கிடந்தன. நல்ல சரக்கு என்று தனியாக எடுத்து வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், ஜீவானந்தம் அதைக் கோவிலில் மாட்டிக்கொடுக்க வேண்டும் என்று முடிவானது. மாட்டும்போது அவன் தலை நிமிரவே இல்லை. பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக்கொடுத்த மாதம்மாளும் அன்றைக்கு ஒன்றும் சீண்டவில்லை. அவனுடைய அம்மா வாசலில் நின்று அழுதுகொண்டே பார்ப்பதை அவளும் பார்த்திருந்தாள்.

இவ்வளவு நடந்தும் ஆண்களில் பெரும்பாலோருக்குத் தெருக் குழாய் பிளாஸ்டிக்தான். "திருடன் கெடச்சுட்டான் சரி, எங்களுக்கு எப்பப் பித்தளை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் மாதம்மாள் முருகானந்தத்தைக் கையைப் பிடித்து வீட்டெதிரே இருந்த குழாய்க்குக் கூட்டிப்போனாள். உட்காரச் சொன்னாள். வால்வுச் சாவியின் முனையால் குழாயின் அடியில் ஒரு கீறு கீறினாள். சாம்பலுக்கு அடியில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கோடு மினுங்கியது.

அவர் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல."

"சொல்லியிருந்தா சோளக்காடே வந்து பாத்துட்டுப் போயிருக்குமுங்க."

"அதுக்காக? சந்தையில ஒவ்வொருத்தனும் கேக்கறப்ப நான் மண்ணைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"தப்புதானுங்க" என்றாள். "உங்ககிட்டச் சொல்லாம இருந்ததுல எனக்கும் ஒரு வாய் சோறு எறங்கலீங்க." பிறகு முருகானந்தம் எழுந்து, மோட்டார் அறையில் மிச்சமிருந்த பெயிண்டையும் தூரிகையையும் எடுத்துவந்து, அவள் கீறிய இடத்தை மூடினார். மறு வாரம் சோளக்காட்டில் யாரோ குழாய்ப் பேச்சை எடுத்தபோது, "பிளாஸ்டிக்குதானுங்க, என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு மிளகை நிறுத்துப் போட்டாராம். பஸ்ஸில் கூடவந்த பொன்னம்மாள் வந்து சொன்னாள். மாதம்மாள் அதை நம்பாமல் இரண்டு முறை கேட்டாள்.

இப்போது ஜீவானந்தம் மாதம்மாள் கூப்பிட்டால் உடனே வருகிறான். போன மாதம் பம்பில் சத்தம் வந்தது. கழற்றிப் பார்த்தால் தண்டு ஓடுகிற புஷ் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவனே நாமக்கல் போய்ப் புதிது வாங்கிவந்தான். வந்ததும் அதை அவளிடம் நீட்டினான்.

"பாத்துச் சொல்லுங்க அக்கா. கன்மெட்டல்தான். அரம் போட்டுப் பாத்தேன், தட்டிப் பாத்தேன், எடை போட்டும் பாத்தேனுங்க."

மாதம்மாள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வால்வுச் சாவியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டாள். முகத்தைச் சுளித்தாள். இன்னொரு முறை தட்டினாள். ஜீவானந்தத்துக்கு வியர்த்துவிட்டது.

"என்னங்க அக்கா?"

"நல்ல சரக்குதான் தம்பி. மாட்டு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனதும், அவனுடைய பைப் ரெஞ்சை எடுத்து மூலையில் கிடந்த மரவள்ளிச் சாக்குக்குள் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி மோட்டார் அறையைக் கூட்டத் தொடங்கினாள்.